கீரைக்கு நான் போட்ட கையெழுத்து

சீ என்று வந்தது எனக்கு. முதலில் என் கையை முகர்ந்து பார்த்தேன். பிறகு முந்தானையை. அதற்கும் பிறகுதான் கழுவி அன்னக்கூடையில் போட்டிருந்த கீரையை. கீரைதான். டயர் எரித்த சாம்பலையும் பழைய பேட்டரியையும் ஒன்றாக ஊறப்போட்டது மாதிரி ஒரு நாற்றம். பார்வைக்கு என்னவோ பச்சைப் பசேலென்று, போஸ்டரில் அச்சடித்த மாதிரி அரைக்கீரை. பிள்ளைகளின் சாப்பாட்டு மணிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

நான் சத்துணவு அமைப்பாளர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் காம்பவுண்டுச் சுவர்களுக்குப் பின்னால் இருக்கிற ஒரு நடுநிலைப் பள்ளியில் பதினெட்டு வருடமாக இருந்தேன். பிள்ளைகள் 'சத்துணவு டீச்சர்' என்று கூப்பிடுவார்கள். டீச்சரும் இல்லை, சமைக்கிறவளும் இல்லை. அரிசி நிறுப்பது, முட்டை எண்ணுவது, வருகையை மொபைலில் அனுப்புவது, பதிவேடு எழுதுவது, இதுதான் என் வேலை. சமையலுக்கு ஒரு அம்மா இருக்கிறாள். அவளுக்கு உதவியாள் இடம் பல வருடமாகக் காலி. அன்று அவள் மகளுக்கு வளைகாப்பு என்று லீவு போட்டிருந்தாள், அதனால் நானே முந்தானையைச் செருகிக்கொண்டு அடுப்பங்கரையில் இறங்கினேன். பள்ளிக்குத் தினமும் கீரை வர ஆரம்பித்து அது பன்னிரண்டாவது நாள். பதினோரு நாளும் அதை ஆய்ந்து கழுவிச் சமைத்தது நான் இல்லை.

பதினோரு நாள் யாருக்குமே நாறவில்லையா என்று கேட்பீர்கள். எங்கள் ஊரில் எப்போதுமே ஏதோ ஒன்று நாறிக்கொண்டுதான் இருக்கும். விடியற்காலையில் இரும்பு உருக்கும் நெடி, பத்து மணிக்கு மேல் தொண்டையைக் கரகரக்க வைக்கிற ஒரு புளிச்ச வாடை, சாயங்காலம் ஷிப்டு விடும் நேரத்துக்கு அழுகிய முட்டை. மூக்கு மரத்துப் போய்விட்டது. அன்று மட்டும் முந்தின இரவு நல்ல மழை, காலையில் பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று. அபூர்வமாகக் காற்று சுத்தமாக இருந்ததால்தான் கீரையின் நாற்றம் தனியாகத் தெரிந்தது. மறுநாள் சமையலம்மாவைக் கேட்டபோது அவளும் அதைத்தான் சொன்னாள். "எனக்கும் ஒரு வாடை வந்துக்கினேதான் இருந்துச்சுக்கா. கம்பெனி காத்துன்னு நெனச்சு ஜன்னல சாத்திக்கினேன்."

ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே அதை வேகவைத்திருக்கிறாள்.

இந்தக் கீரையைக் கேட்டு வாங்கியதே நான்தான். அதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஒரு கிராம சபைக் கூட்டத்தில் எங்கள் ஊராட்சியை 'நஞ்சில்லா உணவு ஊராட்சி' ஆக்கப்போவதாகத் தீர்மானம் படித்தார்கள். பள்ளிக்கூட வாசலில் பாக்கெட் தின்பண்டம் விற்கக் கூடாது, ஊரில் விளைவதை ஊர்ப் பிள்ளைகளுக்கே கொடுக்க வேண்டும், சிறுதானியம், பிளாஸ்டிக் ஒழிப்பு, இன்னும் என்னென்னவோ. கேட்கக் கேட்க எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து நின்று, "எங்க பசங்களுக்கு வாரத்துல ஒரு நாளுதான் கீரை போடறோம், தினமும் குடுத்தா ரத்தம் ஊறும்" என்றேன். கை தட்டினார்கள். ஊராட்சியே ஒரு கீரைத் தோட்டம் போடும், நூறு நாள் வேலைப் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள், ஏரித் தண்ணீர் பாய்ச்சப்படும் என்று எழுதினார்கள். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு அவசரம்.

அன்று கழுவிய கீரையை அப்படியே கொண்டுபோய்ப் பின்பக்கக் குழியில் கொட்டினேன். அங்கே எப்போதும் ஒரு வெள்ளாடு சுற்றும், கண்ணில் பட்ட எதையும் விடாது, ஒருமுறை வருகைப் பதிவேட்டின் அட்டையைக் கூட மென்றிருக்கிறது. அது வந்து கீரையை மோந்து பார்த்தது, தும்மியது, திரும்பிப் போய்விட்டது. உருளைக்கிழங்கை வதக்கிப் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நேராகத் தோட்டத்துக்குப் போனேன்.

தோட்டம் காலனியை ஒட்டிய புறம்போக்கில், ஒரு கம்பெனியின் பின்சுவருக்குக் கீழே இருக்கிறது. காலனியில் பிறந்தவள் நான். என் அப்பாவும் அம்மாவும் ஏரிக்கு அந்தாண்டை ஊர்க்காரர்களின் வயலில் நாற்று நட்டுப் பிழைத்தவர்கள். என் தலைமுறையில் எல்லாரும் கம்பெனிக் கான்ட்ராக்ட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் புறம்போக்கில் ஒரு பழைய போர்வெல் உண்டு, கம்பெனிக் கழிவு இறங்கிக் கெட்டது. அந்தத் தண்ணீரைப் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிடும், மேலே வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் மிதக்கும். வெள்ளை வேட்டியைத் துவைத்தால் மஞ்சள் பூத்துவிடும். எங்கள் காலனியில் ஒரு வீட்டுக்குப் புது மருமகள் வந்தால் விளக்கேற்றச் சொல்வதற்கு முன்பே அந்தக் குழாயைக் காட்டி, இதில் வாய்கூடக் கொப்பளிக்காதே என்று சொல்லிவிடுவார்கள். மாட்டைக் கழுவவும் யாரும் அதைத் தொடுவதில்லை. அத்தனை பேரும் கேன் தண்ணீர்தான்.

அந்தப் போருக்குப் புது மோட்டார் பூட்டியிருந்தது. நீலக் குழாயில் தண்ணீர் பாத்திகளுக்கு ஓடிக்கொண்டிருந்தது. வேப்பமர நிழலில் நூறு நாள் வேலைக்கு வந்த இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் காலனிதான், ஒருத்தி எனக்குச் சித்தி முறை.

"இந்தத் தண்ணியா பாயுது?" என்றேன்.

"பின்ன? ஏரில எங்க தண்ணி கீது? மழை பேஞ்சாலும் கால்வா அடைச்சிக்கினு கீது. இதுலதான் உட்டுக்கினு கீறோம்" என்றாள் சித்தி.

"இந்த போரு இன்னா போருன்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியாம இன்னா? நாமளா குடிக்கிறோம்? கீரைக்குத்தான உடறோம். மண்ணு வடிகட்டிடும்டி."

தலையில் அடித்துக்கொண்டேன். அவள் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. வாய்க்குள் போகக் கூடாத தண்ணீர் என்பது எங்கள் ஆட்களுக்குச் சின்ன வயதிலிருந்து மண்டையில் ஏறியிருந்தது. செடிக்குள் போகலாமா என்று யாரும் எப்போதும் கேட்டுக்கொண்டதில்லை, ஏனென்றால் எங்களுக்குச் செடி வைக்கச் சொந்த நிலம் இருந்ததில்லை. வயல் வைத்திருக்கும் ஊர்க்காரர்களுக்கோ அந்தப் போரைப் பற்றியே தெரியாது, அவர்கள் குழாய் ஏரிக்கு அந்தாண்டையிலிருந்து வருகிறது. ஆக, தெரிந்தவர்கள் யோசிக்கவில்லை, யோசிக்க வேண்டியவர்களுக்குத் தெரியவில்லை. நடுவில் தட்டை நீட்டியது பிள்ளைகள்.

ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன். தலைவர் ஒரு பெண்மணி. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது எப்போதும் அவருடைய கணவர். அவரும் செயலரும் ஒரு பிளக்ஸ் பேனரின் எழுத்துகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை மறுநாள் திருவள்ளூரிலிருந்து அதிகாரி வருகிறார், ஊராட்சிக்குப் பாராட்டுச் சான்றிதழ் தருகிறார். நான் விஷயத்தைச் சொன்னேன். கணவர் சிரித்தார்.

"இன்னாம்மா நீ, பேஜாரு பண்ற? தண்ணிய டெஸ்ட் பண்ணியாச்சு. ரிசல்ட்டு நல்லா வந்துட்ச்சி."

செயலர் ஒரு தாளை எடுத்துக் காட்டினார். உண்மைதான், எல்லாக் கட்டத்திலும் சரி சரி என்றே இருந்தது.

"எந்தக் குழாய்ல புடிச்சு அனுப்பினீங்க?" என்று கேட்டேன்.

"இதோ, ஆபீஸ் குழாய்லதான்" என்றார் செயலர், சாவகாசமாக. "எல்லாம் ஒரே ஊரு தண்ணிதானேக்கா."

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்க எங்கள் காலனிக்காரர்கள் எத்தனை வருடம் மனுக் கொடுத்திருப்பார்கள் தெரியுமா? ஊர்க் குழாயை எங்களுக்கும் நீட்டுங்கள் என்று கேட்டபோதெல்லாம் அது வேறு லைன், இது வேறு லைன் என்று துரத்தினார்கள். பாட்டிலில் பிடித்து அனுப்பும்போது மட்டும் எல்லாம் ஒரே ஊர்த் தண்ணீர் ஆகிவிட்டது. எனக்கு வாயில் நன்றாக வந்தது. அடக்கிக்கொண்டு, "நாளான்னைக்கு கீரை சமைக்க மாட்டோம்" என்றேன்.

"சமைக்காம? போட்டோவுக்கு இன்னா பண்றது? அதிகாரியே அவரு கையால பசங்களுக்குப் பரிமாறப் போறாரு. நைனா பேரக் கெடுத்துறாத தாயி" என்றார் கணவர். நைனா என்று அவர் சொன்னது தன்னைத்தான்.

சாயங்காலமே ஒன்றிய அலுவலகத்திலிருந்து போன் வந்தது. கீரைக்கூட்டு கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். தலைமையாசிரியையிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். நல்ல மனுஷிதான், ஆனால் ஓய்வுக்கு இரண்டு வருடம்தான் பாக்கி. "ஒரு நாள்தானேம்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று பூசி மெழுகினார். ஒரு நாள்தானாம். பதினோரு நாள் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரவெல்லாம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. பிள்ளைகளுக்குப் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் பெரியவர்கள் யாராவது சாப்பிட்டுப் பார்த்து, ருசிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சமையலம்மா ருசி பார்க்க மாட்டாள். பிள்ளைகள் சாப்பிடும் முன் வாய் வைத்தால் எச்சில் என்பாள், உப்பைக் கூடக் கொதி வாசனையிலேயே கண்டுபிடிப்பாள். சரி, சமைக்கட்டும். ஆனால் விதிப்படி முதல் கரண்டியை மேடையில் இருப்பவர்கள் வாயில் வைக்கட்டும். வைத்தால் துப்புவார்கள், துப்பினால் தோட்டம் நின்றுவிடும். பிள்ளைகள் தட்டுக்கு மட்டும் அது போகக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மறுநாள் வந்த கீரையையும் குழியில்தான் கொட்டினேன். விழா நாள் வந்தது. ஷாமியானா, மாவிலை, 'தோட்டத்திலிருந்து தட்டுக்கு' என்று பெரிய பேனர். பிளாஸ்டிக் ஒழிப்புப் பற்றிப் பேசியவரின் முன்னால் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்கள் வரிசையாக நின்றன. உள்ளூர் உணவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே பைபாஸ் ஓட்டல் வேன் பின்பக்க வழியாக வந்து நின்றது. விருந்தினர்களுக்குப் பிரியாணி. அந்த வாசனை மைதானம் முழுக்கப் பரவியது, வெயிலில் தட்டோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கழுத்து ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு மூன்றாம் வகுப்புக்காரன், "டீச்சர், அது நமக்கா?" என்று கேட்டான். அசிங்கமாக இருந்தது.

அதிகாரி தன்மையான மனிதர். யாரையும் அதட்டவில்லை, என்னைக்கூட 'அம்மா' என்றுதான் கூப்பிட்டார். சான்றிதழ் கைமாறியது. பிறகு பரிமாறுவதற்காகக் கீரைக்கூட்டுச் சட்டியை மேடைக்குக் கீழே கொண்டுவந்து வைத்தோம். போட்டோக்காரர் முழங்கால் போட்டார். அதிகாரி கரண்டியைப் பிடித்தபோது நான் ஒரு தட்டில் சின்னச் சின்னக் கிண்ணங்களோடு முன்னால் போய் நின்றேன். அக்குளில் பதிவேடு.

"சார், விதிப்படி மொதல்ல பெரியவங்க ருசி பாக்கணும். பாத்துட்டு இதுல ஒரு கையெழுத்து."

"அட, ஆமால்ல" என்று எல்லோரும் சிரித்தார்கள். கிண்ணங்களை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் பார்த்ததை நினைத்தால் இப்போதும் குமட்டுகிறது. தலைவரின் கணவர் கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய், "எனக்கு சுகரு" என்று கீழே வைத்தார். கீரைக்கும் சர்க்கரை வியாதிக்கும் என்ன சம்பந்தமோ. ஒரு வார்டு உறுப்பினருக்குத் திடீரென்று பல்வலி. செயலர் மலைக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னார். கழுத்தில் மாலை இல்லை. தலைவரம்மா கணவரின் முகத்தைப் பார்த்தார், அவர் கண்ணைக் காட்டினார், "இன்னிக்கு எனக்கு விரதம்" என்றார் அந்தம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. காலையில் என் கண் முன்னால்தான் அதே வாயால் இட்லி நாஷ்டா ஆனது.

அதிகாரி மட்டும் ஸ்பூனை உதடு வரைக்கும் கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார். மோந்தார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்து மறைந்ததை நான் பார்த்தேன், சத்தியமாகப் பார்த்தேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஸ்பூனை மெல்லக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "அந்த ரெஜிஸ்டரைக் குடுங்கம்மா" என்றார். கொடுத்தேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டுதான் கொடுத்தேன், மடச்சி.

அவர் நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினார்.

"அரைக்கீரைக் கூட்டு, சுவை நன்று. அடுத்த நாள், முளைக்கீரை, சுவை நன்று. பதினோரு நாளும் நன்றுன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க?" என்றார். விரல் கீழே இறங்கியது. "முந்தாநாள் கூட நன்று. இன்னிக்குத் தேதிக்கும் நன்று. நாளைக்கும் போட்டுட்டீங்க." கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். "மாசக் கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருக்கு போலிருக்கேம்மா."

மேடை கொல்லென்று சிரித்தது.

ஆமாம், நான்தான். மாதம் பிறந்ததும் ஒரு டீயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முப்பது நாளுக்கும் 'நன்று, நன்று' என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளிவிடுவது என் வழக்கம். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். எந்தப் பள்ளியிலும் அப்படித்தான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொள்வேன். மதியம் என் சாப்பாடு என் டிபன் பாக்ஸில் இருக்கும். கேன் தண்ணீரில் வடித்த சோறு. பதினெட்டு வருடத்தில் அந்தச் சட்டியிலிருந்து நான் வாயில் வைத்தது விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போரில் நஞ்சு விட்டவனையும், குழாய் மாற்றிப் பிடித்தவனையும், பல்வலிக்காரனையும் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவேட்டைப் பார்த்தபோது முதல் எச்சில் என் முகத்தில்தான் விழ வேண்டும் என்று தெரிந்தது.

"அப்போ பரிமாறலாமா?" என்றார் அதிகாரி. கரண்டியை மறுபடி எடுத்தார். முதல் வரிசையில் பிள்ளைகள் தட்டை நீட்டிவிட்டார்கள்.

அவர் கையிலிருந்து பதிவேட்டைப் பிடுங்கினேன். அன்றைய தேதியில் இருந்த 'நன்று' மேல் பேனாவால் இரண்டு கோடு இழுத்தேன், தாளே கிழிந்தது. பக்கத்தில் எழுதினேன்: 'நாறுகிறது. வாயில் வைக்க முடியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை.' பிறகு சட்டியின் ஒரு காதைப் பிடித்தேன். தனியாகத் தூக்க முடியவில்லை. சமையலம்மா ஓடி வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது, நான் எழுதியது என்னவென்றும் தெரியாது.

"புட்சிக்கக்கா அந்தாண்ட" என்று மட்டும் சொல்லி இன்னொரு காதைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்பக்கக் குழியில் கவிழ்த்தோம். பின்னால் தலைவரின் கணவர் கத்திக்கொண்டே வந்தார். போட்டோக்காரர் அதையும் எடுத்தார், அப்புறம் அழிக்கச் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகள் அன்று சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டார்கள். விருந்தினர்கள் தலைமையாசிரியை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரியாணி சாப்பிட்டார்கள். அவர்கள் போன பிறகு எலும்பும் அட்டைப் பெட்டியும் பாட்டிலுமாகப் பிள்ளைகள் கை கழுவுகிற இடத்தில் குவிந்து கிடந்தது. நானும் சமையலம்மாவும்தான் அள்ளினோம்.

ஒரு வாரத்தில் மெமோ வந்தது. கீரை எப்படி இருந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. பதிவேட்டில் அனுமதியின்றி அடித்தல் திருத்தல் செய்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். அதையும் உணவை வீணடித்ததையும் பற்றி எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், வேறென்ன செய்வது.

அன்று சாயங்காலம் செயலர் வீடு தேடி வந்தார். என் வீட்டுக்காரருக்கு முழங்கால் போனதிலிருந்து வேலை இல்லை, என் சம்பளம்தான் வீடு. அது செயலருக்கும் தெரியும்.

"யக்கா, ரெண்டே வரி எழுது. பதினோரு நாளும் ருசி பாத்தேன், நல்லாத்தான் இருந்துச்சு, அன்னிக்கு மட்டும் எனக்கு ஒடம்பு சரியில்ல, அதனால வாடை தப்பாத் தெரிஞ்சிட்ச்சின்னு. மெமோவ மடிச்சு வச்சிடுவாங்க. தோட்டமும் ஓடும், ஒன் வேலையும் ஓடும்."

"நான் ருசி பாக்கவே இல்லியே?"

"அத எழுதாத. பாக்காம கையெழுத்துப் போட்டேன்னு நீயே எழுதிக் குடுத்தா ஒனக்குத்தான் ஆப்பு. யோசிச்சுக்கோ."

யோசித்தேன். நான் பார்த்தேன் என்று எழுதினால் கீரை நல்ல கீரை, மறுவாரமே மறுபடி கட்டுக் கட்டாகப் பள்ளிக்கு வரும். பார்க்கவில்லை என்று எழுதினால் அந்தக் கீரையை நல்லது என்று சொன்ன ஒரே ஆளும் பொய் என்றாகிவிடும், அதற்குப் பிறகு நிறுத்தாமல் இருக்க முடியாது. வேலை போனால் போகட்டும் என்று வீராப்பாகச் சொல்லத் தெம்பில்லை. பயந்துகொண்டுதான் எழுதினேன். பார்க்கவில்லை என்று எழுதினேன்.

இப்போது நான் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கிறேன், விசாரணை நடக்கிறது. அந்தப் போரிலிருந்தே தண்ணீர் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள், மோட்டார் இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள், பாத்திகள் காய்ந்துவிட்டன. ஊராட்சி அலுவலகச் சுவரில் சான்றிதழ் மட்டும் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. சித்தி இன்னும் என்னோடு பேசுவதில்லை, அவளுக்கு அந்த வேலை போனதற்கு நான்தான் காரணம் என்கிறாள்.

அந்த விளக்கக் கடிதத்தைத் தலைமையாசிரியைதான் அனுப்ப வேண்டும். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "கடைசிப் பத்தி எதுக்கும்மா? அதை யாரும் கேக்கலையே, எடுத்துடேன்" என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். தலைமையாசிரியை முன்னால் அன்று நான் ஏன் கத்தவில்லை என்பது அந்தப் பத்தியில்தான் இருக்கிறது. இவ்வளவு நேரம் எல்லோரையும் நாறடித்துவிட்டு அதை மட்டும் நான் மறைக்கக் கூடாது.

கீரை வந்த இரண்டாம் நாளிலிருந்தே பிள்ளைகள் அதைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்க ஆரம்பித்தார்கள். நாறுது டீச்சர் என்றார்கள், கசக்குது என்றார்கள். பிள்ளைகளுக்குக் கீரை என்றாலே இப்படித்தான் என்று நான் வரிசைக்கு வரிசை நின்று அதட்டினேன், தட்டு காலியாகாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது என்றேன். நான் கேட்டு வாங்கிய கீரை அல்லவா. ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், கெரசின் மாரி கீது, வேணாம்" என்று வாயை மூடிக்கொண்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, மோவாயைப் பிடித்து, நானே பிசைந்து ஊட்டினேன். நல்லா இருக்கும் கண்ணு, துன்னு என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வாயாக முழுவதையும் விழுங்கினாள்.